ஒலிப்பதிவுக்கூடத்தில் யார் பயின்றனர்?

இசைத்தட்டொன்றின் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் வட்டத் தாளை எடுத்துப் பார்த்தால், அதிலே பாடியவர் பெயர் இருக்கும். இசையமைத்தவர் பெயர் இருக்கும். இவை எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். பாடகியின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே எத்தனை அங்குலம் இருத்தல் வேண்டும் என்று தீர்மானித்தவரின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை. கோயிலைக் கட்டிய தச்சனை மறந்து, கட்டுவித்த மன்னனின் பெயரைக் கல்லில் வெட்டிய வழக்கம் புதிய வடிவம் பெற்றுத் தொடர்ந்தது எனலாம்.

இப்பொருள் பற்றி நாம் எண்ணத் தொடங்கியது ஒரு தோல்வியினால். சென்ற ஆண்டு எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், தம் ஊரிலுள்ள மூதாட்டி ஒருவரின் தாலாட்டையும் அருவிவெட்டுப் பாட்டையும் பதிவு செய்ய முயன்றனர். கருவி கைத்தொலைபேசி, இடம் நான்கு சீமெந்துச் சுவர்களும் தகரக் கூரையும் கொண்ட வகுப்பறை. பதிவைக் கேட்டபோது பாட்டைக் காட்டிலும் மின்விசிறியின் ஓசையே முன்னே நின்றது. சொற்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவனபோல மங்கி ஒலித்தன. "எங்கட காதுக்கு நல்லாய்த்தானே சேர் கேட்டது, உதுக்கு மட்டும் ஏன் கேக்கேல்லை?" என்று ஒரு மாணவி வினவினாள். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கும் நாம், நெஞ்சும் மிடறும் மூக்கும் தலையும் இடமாக ஒலி பிறக்கும் வகையை ஆண்டுதோறும் விரித்துரைக்கும் நாம், பிறந்த ஒலி வாயை விட்டு நீங்கிய பின்பு அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்திருக்கவில்லை.

அக்கேள்வியைப் பின்தொடர்ந்து படித்ததன் பயனாக இரண்டு செய்திகள் புலனாயின. ஒலிப்பதிவுப் பொறியியலின் அடிப்படைகள் நாம் அஞ்சியவாறு எண்ணிறந்தனவல்ல. தூரம், ஒலிமட்டம், அதிர்வெண், அறை, காலம் என்னும் சில சொற்களுள் அவற்றைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். மற்றையது, அவற்றைக் கற்கும் வாய்ப்பு எந்தக் காலத்தில் யாருக்குக் கிட்டிற்று என்பது. முன்னையது பௌதிகத்துக்குரியது, பின்னையது வரலாற்றுக்குரியது. இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவது கடினம் என்பதே எமது எண்ணம்.

எடிசன் 1877இல் ஒலியை உருளையொன்றிற் பதித்தார். எமில் பேர்லினர் 1887இல் தட்டையான தட்டை ஆக்கினார். அதன் பின்னரும் 1925ஆம் ஆண்டு வரை இசைத்தட்டுத் தொழிலில் மின்சார ஒலிவாங்கிக்கு இடமிருக்கவில்லை. பாடுவோர் பெரியதொரு கூம்புக் குழாயின் வாயை நோக்கிப் பாடுவர். குழாயின் ஒடுங்கிய முனையில் மெல்லிய தகடொன்று அதிரும். தகட்டோடு பொருத்திய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அவ்வதிர்வைக் கீறும். பாடுவோரின் தொண்டையிலிருந்தும் வாத்தியத்திலிருந்தும் புறப்பட்ட சக்தியைத் தவிர வேறெச் சக்தியும் அவ்வூசியை அசைக்கவில்லை. ஆதலாற் கூட்டவோ குறைக்கவோ திருகுவதற்கு ஒரு குமிழும் இல்லை. தூரம் ஒன்றே கருவி. பாடகர் உச்சத்தாயிக்கு ஏறும்போது அவரைப் பின்னே இழுப்பதும், குரல் தாழும்போது முன்னே தள்ளுவதும் பதிவாளரின் தொழிலாயின. பாடகரின் தோளைப் பற்றியிருந்த அந்தக் கைகளே ஒலிக்கட்டுப்பாட்டின் முதற் கருவி எனின் மிகையாகாது. வயலினின் மெல்லிய ஒலி எட்டாமையால், மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் வழக்குக்கு வந்தது. பெரிய தந்தி வாத்தியங்களின் இடத்தில் டியூபா என்னும் பித்தளைக் குழல் அமர்த்தப்பட்டது. மனிதச் செவி செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை உணரவல்லது. குழாய்க் காலத்துத் தட்டுகளோ ஏறத்தாழ 250 முதல் 2,500 வரையானவற்றையே ஏற்றன. எஞ்சியவை காற்றோடு போயின.

அக்காலத்துப் பதிவாளர் ஒரு தடுப்புச் சுவரின் பின்னே நின்று தொழில் செய்தார். கூம்புக் குழாயின் வாய் மட்டுமே இப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டின் தடிப்பு எவ்வளவு, மெழுகை எவ்வளவு சூடாக்குவது என்பனவெல்லாம் இரகசியங்கள். மருந்தின் சரக்கை மகனுக்கும் சொல்லாத பரியாரிமாரை எம்மூரவர் அறிவர். இங்கே வேறுபாடு யாதெனில், இரகசியத்தின் இறுதி உடைமையாளர் கம்பனியாக இருந்தமை.

இந்த இரகசியத்தோடு பிரெட் கைஸ்பேர்க் என்னும் பதிவாளர், இலண்டன் கிராமபோன் கம்பனியின் சார்பில் 1902இல் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் மிலான் நகரத்து விடுதி அறையொன்றில் கரூசோவின் குரலைப் பதித்தவரும் அவரே. கல்கத்தாவில் நவம்பர் மாதத்தில் கௌஹர் ஜான் பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். அது விளம்பரமன்று. மெழுகுப் பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டே தட்டுகளாக அச்சிடப்பட்டன; அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என அறிவதற்கு இஃதொரு வழி. தட்டு செய்வதற்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காட்டு மரங்களில் வாழும் பூச்சிகள் தருவது. அரக்கும் பாட்டும் இந்நிலத்தவை. ஐரோப்பாவுக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வந்து இந்நிலத்தவருக்கே விலைக்கு விற்கப்பட்டன. பருத்தியின் வரலாற்றைப் படித்தோருக்கு இவ்வழி பழக்கமானது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டச்சுத் தொழிற்சாலை எழுந்தது. பதிவின் நுட்பம் அறிந்தோர் அதன் பின்னும் பல காலம் கப்பலில் வந்து கப்பலிற் போயினர்.

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. அதனைத் தந்தவர் இசைத்தட்டுக் கம்பனிகளல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் தொலைபேசித் தொழிலின் ஆய்வுகூடங்களிலே அது விளைந்தது. எட்வேர்ட் வென்ட் என்பார் 1916 அளவில் ஆக்கிய ஒலிவாங்கி தொலைபேசித் தேவைக்காகப் பிறந்ததே. இன்று ஒலிப்பதிவுக்கூடத்திற் காலடி வைக்கும் மாணவன் முதலிற் கற்கும் டெசிபெல் என்னும் அளவும் அவ்வாறே. நீண்ட கம்பி வழியே பேச்சு எவ்வளவு தேய்கிறது என்பதைத் தொலைபேசிப் பொறியியலாளர் முன்னர் 'ஒரு மைல் கம்பி' என்ற அலகால் அளந்தனர். 1920களில் அவ்வளவையைச் செம்மைப்படுத்திக் கிரகாம் பெல்லின் பெயரால் வழங்கினர். வணிகத்துக்குரிய கம்பியில் ஏற்பட்ட நட்டத்தை அளக்கப் பிறந்த கோல் கலையை அளக்கும் கோலாயிற்று.

மாணவியின் கேள்விக்கு விடையும் இவ்விடத்திலேயே கிடைக்கிறது. தடையற்ற வெளியில், ஒலி பிறக்குமிடத்திலிருந்து தூரம் இருமடங்காகும்போது ஒலிமட்டம் 6 டெசிபெல் குறையும். அறையினுள் நிலைமை வேறு. வாயிலிருந்து நேரே வரும் ஒலி தூரத்தோடு தேய்கிறது. சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் ஒலியோ அறையெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பி நிற்கிறது. எனவே ஒலிவாங்கி விலக விலக, நேரொலி தோற்று அறையின் ஒலி வெல்லும். அதே இடத்தில் நாம் இருந்தால் எமக்கு அவ்வாறு தோன்றாமைக்குக் காரணம், இரு செவிகளைக் கொண்டு வேண்டியதைத் தெரிந்து வேண்டாததை ஒதுக்கும் எமது மூளை. கருவிக்கு வேண்டியது வேண்டாதது என்பதில்லை. அதற்கு மின்விசிறியும் மூதாட்டியும் ஒன்றே. ஒலிவாங்கியை வைப்பவர் அந்தத் தெரிவைத் தம் கையாற் செய்தல் வேண்டும். அதுவே இத்தொழிலின் முதற்பாடம்.

புதிய முறைக்கு உரிமைப்பணம் செலுத்த வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கும் பொருட்டு, இங்கிலாந்தின் கொலம்பியாக் கம்பனி 1929இல் அலன் புளூம்லைன் என்னும் இளம் பொறியியலாளரை வேலைக்கமர்த்தி, அமெரிக்கக் காப்புரிமைகளைத் தீண்டாத வேறொரு பதிவு முறையை ஆக்கச் செய்தது. 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பனியும் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின. அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் அபே வீதியில் அதன் ஒலிப்பதிவுக்கூடம் எல்கர் வாத்தியக் குழுவை நடத்தத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் புளூம்லைன் ஸ்டீரியோ முறைக்கான காப்புரிமையை விண்ணப்பித்தார். இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று செங்கோணமாக வைத்து, வலமும் இடமும் செவிக்குத் தோன்றச் செய்யும் அமைப்பு இன்றும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. ஒரே இடத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். செக்கனுக்கு 1,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 34 சதமமீற்றர். அவ்வொலி ஓர் ஒலிவாங்கியை மற்றையதிலும் 17 சதமமீற்றர் பிந்தி அடையுமாயின், ஒன்றில் மேடு வரும்போது மற்றொன்றிற் பள்ளம் வரும். இரண்டையும் கூட்டினால் ஒலி மெலியும், சிலபோது மறையும். இரண்டு ஒலிவாங்கி ஒன்றிலும் நல்லது என்று எண்ணும் புதியவரின் மயக்கம் தெளியுமிடம் இது. ஸ்டீரியோத் தட்டுகள் கடைக்கு வந்தது 1950களின் பிற்பகுதியிலே. புளூம்லைன் அதைக் காணவில்லை. 1942இல் போர் விமானத்தில் ராடார்ச் சோதனை செய்யுங்கால் விமானம் வீழ்ந்து, 38 வயதில் இறந்தார்.

காந்த நாடாவின் கதையும் போரோடு பின்னியது. ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. கம்பனி 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் நாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. நாடாவைச் செய்தது லுட்விக்ஸ்ஹாபனில் இருந்த ஐ.ஜி. பார்பன் இரசாயனத் தொழிற்சாலை. பின்னாளில் அவுஸ்விற்ஸ் முகாமின் அடிமை உழைப்பாற் பெயர் கெட்ட அதே நிறுவனம். 1936 நவம்பரில் இலண்டன் பில்ஹார்மோனிக் குழு தோமஸ் பீச்சமின் தலைமையில் அவ்வூரில் இசைத்தபோது அது நாடாவிற் பதிக்கப்பட்டது. 1940இல், உயர் அதிர்வெண் மின்னோட்டமொன்றைப் பதிவோடு கலந்தால் இரைச்சல் பெரிதும் அடங்கும் என்பதை ஜேர்மன் வானொலியின் பொறியியலாளர் கண்டனர். போர் முடிந்ததும் ஜாக் மலின் என்னும் அமெரிக்கப் படையினர் இரண்டு கருவிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தம் நாட்டுக்கு அனுப்பினார். 1947 ஒக்டோபரில் பிங் குரொஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவிலிருந்து ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டு அம்பெக்ஸ் கம்பனி அவ்வழியில் கருவி செய்து விற்றது. தோற்றவனின் கருவி வென்றவனின் மூலதனமாகும் இவ்விதிக்கு எமது நாட்டிலும் சிறு சான்று உண்டு. 1920களில் கொழும்புத் தந்திக் கந்தோரிலிருந்து எட்வேர்ட் ஹாப்பர் என்னும் தந்திப் பொறியியலாளர் கிராமபோன் இசையைச் சோதனையாக ஒலிபரப்பியது, முதல் உலகப் போரிற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புக்களைக் கொண்டு கட்டிய கருவியினாலே.

நாடா வந்ததும் ஒலிப்பதிவுக்கூடத்திற் பயிலும் முறையும் மாறியது. மெழுகிற் பிழை நேர்ந்தால் தட்டை எறிய வேண்டும். நாடாவிற் பிழை நேர்ந்தால் சவர அலகினாற் சரிவாக வெட்டி ஒட்டலாம். பழகுவோருக்குப் பிழைவிடும் உரிமை கிடைத்தது என்று சொல்லலாம். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, அவ்வுரிமையின் பெறுமதி விளங்காததன்று.

இத்தொழிலுக்குப் பள்ளி வேண்டும் என்ற குரலும் அக்காலத்தே எழுந்தது. நாசிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த இசைமேதை ஆர்னொல்ட் ஷேன்பேர்க், 1946இல் சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், இசையும் பௌதிகமும் பொறியும் ஒருங்கே கற்ற ஒலியாளரை உருவாக்குமாறு கேட்டார். ஜேர்மனியின் டெற்மொல்ட் நகரில் 1949இல் எரிக் தீன்ஹவுஸ் அத்தகைய பயிற்சியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் சரே பல்கலைக்கழகம் 1970இல் அவ்வழிச் சென்றது. அங்கே மாணவர் இசைக்குறிப்பை வாசிக்கவும் வேண்டும், அலைச் சமன்பாட்டைத் தீர்க்கவும் வேண்டும்.

அபே வீதியின் வழி வேறு. பள்ளியை விட்டு வந்த சிறுவர்களை அது சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. நாடாக் கருவியை இயக்கும் உதவியாளராகத் தொடங்கி, தட்டு வெட்டும் அறையிற் பழகி, ஆண்டுகள் கழிந்தபின் ஒலிச் சமநிலைப் பொறியியலாளர் ஆகலாம். உடையிலேயே படிநிலை தெரிந்தது. கருவிகளைப் பேணும் தொழில்நுட்பத்தினர் வெண்ணிற மேலங்கி அணிந்தனர். சுமப்போரும் துப்புரவு செய்வோரும் கபில நிற மேலங்கி அணிந்தனர். ஒலிச் சமநிலைக்காரர் கழுத்துப்பட்டி கட்டினர். பிரித்தானிய சமுதாயத்தை ஒரு கட்டடத்துள் மடித்து வைத்தாற்போன்ற காட்சி. ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. ஏழைச் சிறுவனொருவன் கூலி பெற்றுக்கொண்டே, உலகின் சிறந்த செவிகளின் அருகில் அமர்ந்து கேட்கக் கற்றான்.

ஜெப் எமெரிக் 1962 செப்டெம்பரில் 16 வயதில் அவ்வாறு சேர்ந்தவர். 1966 ஏப்பிரலில், 20 வயதில், பீற்றில்ஸ் குழுவின் பதிவுகளுக்குப் பொறுப்பான பொறியியலாளரானார். காலால் மிதித்தடிக்கும் பெருமேளத்துக்கு மிக அருகில் ஒலிவாங்கியை வைத்தலாகாது என்பது அக்கூடத்து விதி. விதிக்கு நியாயம் இருந்தது. மேளத்திலிருந்து வெடித்து வரும் காற்று ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டைக் கெடுக்கக்கூடும். எமெரிக் மேளத்தினுள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து அதிர்வை அடக்கி, ஒலிவாங்கியை விதி குறித்த எல்லைக்கும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். மேலிடம் கண்டித்தது; பின்னர் அந்தக் குழுவின் பதிவுகளுக்கு மட்டும் அனுமதி தந்ததாக அவர் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். விதி எக்காரணத்தால் பிறந்தது என்று அறிந்தவனே அதனை மீறும் தகுதியுடையவன். இலக்கண ஆசிரியர் இதனைப் 'புறனடை' என்பர்.

அக்காலத்து நான்கு தடக் கருவியில் இடம் போதாதபோது, பதித்தவற்றை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றுவர். ஒவ்வொரு மாற்றத்திலும் நாடாவின் இரைச்சல் ஏறும். எனவே எந்த வாத்தியத்தை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும், பின்பு திருத்தவியலாது. 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டுக்காக எமெரிக் 1968இல் கிராமி விருது பெற்றார். தட்டின் உறையிலோ அவர் பெயர் இல்லை. அக்குழுவின் தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின், அவர்களுடைய தட்டுகள் கோடிக்கணக்கில் விற்ற காலத்தும் மாதச் சம்பளக்காரராகவே இருந்தார். விற்பனையிற் பங்கு கேட்டுக் கிடையாமல் 1965இல் வெளியேறித் தனி நிறுவனம் அமைத்தார்.

இதுவரை கூறியவற்றுட் பயின்றோராக வந்தவர் யாவரும் ஆண்கள் என்பதை வாசகர் கவனித்திருப்பர். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போனபோது பி.பி.சி. தன் கருவிகளை இயக்கப் பெண்களைச் சேர்த்தது. அவ்வாறு 1942இற் சேர்ந்தவர் டப்னி ஓரம். இசைக் கச்சேரி நேரடியாக ஒலிபரப்பாகும்போது அதே இசையின் பதிவை அவர் பக்கத்தில் அடிக்கு அடி ஓடவிட்டுக்கொண்டிருப்பார். குண்டு விழுந்து கச்சேரி நின்றால் கேட்போர் அறியாவண்ணம் பதிவுக்கு மாற்றிவிட வேண்டும். ஒலியில் 'காலம்' என்பதை இவ்வளவு கடுமையான பள்ளியிற் பயின்றோர் வேறு யாருளர்? 1958இல் பி.பி.சி.யின் புகழ்பெற்ற ஒலிப்பரிசோதனைப் பட்டறை அமைய அவரும் காரணராயிருந்தார். மறு ஆண்டே விலகினார். டீலியா டேர்பிஷயர் கேம்பிரிட்ஜிற் கணிதமும் இசையும் கற்றவர். 1959இல் டெக்காக் கம்பனியிடம் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக்கூடத்திற் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று விடை வந்தது. 1960இல் பி.பி.சி.யில் நுழைந்து அப்பட்டறையை அடைந்தார். 'டொக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை 1963இல் ஒவ்வொரு சுரமாக நாடாவில் வெட்டி ஒட்டி ஆக்கினார். மெட்டமைத்த ரோன் கிரெய்னர் ஆக்கவுரிமையிற் பாதியை அவருக்குத் தர முன்வந்தும் நிருவாகம் இசையவில்லை. அத்தொடரின் திரையில் அவர் பெயர் முதன்முறையாகத் தோன்றியது 2013இல். அவர் இறந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன.

கூடத்தின் கதவு திறவாதபோது கூடத்தையே வேறிடத்திற் கட்டியோரும் உளர். எம்முடையதைப் போலவே பிரித்தானியர் ஆண்ட தீவாகிய யமேக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், களியாட்ட விடுதிகளுக்குப் போகப் பணமில்லாத மக்கள் திறந்த முற்றங்களிற் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆடினர். அவ்வொலிபெருக்கிகள் பழுதுபட்டாற் திருத்த ஆள் வேண்டும். கிங் டப்பி எனப்பட்ட ஓஸ்பேர்ண் ருடொக் அத்தகைய வானொலி திருத்துநர். 1941இற் பிறந்தவர். மின்மாற்றி சுற்றவும் வால்வு மாற்றவும் கற்ற கையே அவருடைய கல்வி. 1970களின் தொடக்கத்தில் பெரிய கூடமொன்று கழித்துவிட்ட நான்கு தட மிக்சரை வாங்கி, தம் வீட்டில் வைத்துத் தாமே திருத்தி அமைத்தார். குளியலறை, பாடுவோர் நிற்கும் அறையாயிற்று. முன்பே பதித்த பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, மேளத்தையும் தாழ்ந்த தந்தியையும் மட்டும் நிறுத்தி, இடையிடையே ஒரு சொல்லை எதிரொலியில் மிதக்கவிட்டு அவர் செய்தவை 'டப்' என்னும் புதிய இசைவகையாயின. கலவைப் பலகையையே வாத்தியமாக்கினார் எனலாம். இங்கே கவனிக்க வேண்டியது அவர் புதுமை மட்டுமன்று. மின்மாற்றி வாங்கவும் கருவி திருத்தவும் வந்த இளைஞர் அங்கேயே தங்கித் தொழில் பயின்றனர். பிரின்ஸ் ஜம்மியும் 'சயன்ரிஸ்ற்' என்ற புனைபெயர் பூண்டவரும் அவ்வாறு உருவானோரே. தடுப்புச் சுவர் அங்கே இருக்கவில்லை. 1989இல் கிங் டப்பி தம் வீட்டு வாசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1982இல் ஒளித்தட்டு வந்தது. ஒலியைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதும் முறை இது. செவி கேட்கும் உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளத்தல் வேண்டும் என்ற விதியால் 40,000க்கு மேற்பட்ட எண் தேவை. மிகுதி எங்கிருந்து வந்தது? எண்களைச் சேமிக்க அன்று வீடியோ நாடாவே இருந்தது. அதன் கோடுகளுக்குப் பொருந்தும் கணக்கே 44,100 ஆயிற்று. மனிதச் செவியின் எல்லையும் கைக்குக் கிடைத்த கருவியின் வசதியும் சேர்ந்து ஒரு நியமத்தைப் பிறப்பித்தன.

இதன் பின் வந்த மாற்றத்தை நாம் அறிவோம். முன்னர் ஒரு கட்டடத்தை நிரப்பிய கருவிகள் மடிக்கணினியொன்றுள் அடங்கிவிட்டன. கதவு திறந்துவிட்டது என்று பலர் மகிழ்கின்றனர். நாமும் ஓரளவு மகிழ்கிறோம். ஆயினும் கருவி மலிந்த அளவுக்குப் பயிற்சி மலியவில்லை. பெரிய கூடங்கள் பல மூடப்பட்டதும், உதவியாளனாகச் சேர்ந்து கூலியோடு கற்கும் படிக்கட்டு இற்றுப்போயிற்று. அனுபவம் என்ற பெயரில் தேநீர் கொண்டுவரவும் வயர் சுற்றவும் இளைஞரைச் சம்பளமின்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளிற் பரவியது. அபே வீதிக் கூடம் 2015இல் தன் பெயரால் ஒரு கல்வி நிலையத்தைத் திறந்தது. நல்ல ஆசிரியர், நல்ல கருவிகள். 1962இல் 16 வயதுச் சிறுவனுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்பித்த அதே பெயர், இன்று கட்டணம் பெற்றுக் கற்பிக்கிறது. பெண்களும் பிற நாட்டவரும் அன்று நுழையமுடியாத இடத்தில் இன்று நுழையலாம், பணம் செலுத்தினால். முன்னேற்றம் எது, பின்னடைவு எது என்று இவ்விடத்தில் ஒரே சொல்லிற் தீர்ப்புக் கூற எமக்குத் துணிவில்லை. ஆனால் பழைய தடுப்புச் சுவர் இருந்த இடத்தில் இப்பொழுது ஒரு காசாளர் மேசை இருக்கிறது என்பது கண்கூடு.

மூதாட்டியின் பாட்டை மாணவர் இரண்டாம் முறை பதிவு செய்ததைக் கூறாமல் விடலாகாது. இம்முறை வகுப்பறையை விட்டு அவர் வீட்டுக்கே சென்றனர். மண் சுவர், கிடுகுக் கூரை, மூலையில் நெல் மூட்டை, கொடியில் தொங்கும் சேலைகள். ஒலியை விழுங்குவதற்கு இதனிலும் ஏற்ற அறையைப் பெருஞ்செலவு செய்தும் கட்டுவதரிது. கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக் காற்று நேரே மோதாதபடி சற்றுச் சரித்துப் பிடித்தனர். முதல் அடியிலேயே கிழவியாரின் குரல் உயர்ந்து பதிவு கரகரத்தது. ஒரு சாண் இரண்டாயிற்று. கேள்வி கேட்ட அம்மாணவி கண்களை மூடிக் கேட்டுவிட்டு, கோழிகளைத் துரத்திவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னாள். பாட்டு முடிந்ததும், கௌஹர் ஜானின் கதையை வகுப்பிற் கேட்டிருந்த காரணத்தால், "அம்மம்மா, இப்ப உங்கட பேரைச் சொல்லுங்கோ" என்றாள். அவர் தம் பெயரையும் ஊரையும் சொன்னார். பின்பு கருவியைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, "உன்ர பேரையும் சொல்லன் பிள்ளை" என்றார். அதுவும் பதிவாகியிருக்கிறது.